பெட்ரோல் லைனில் பிளம்பர் டேப்

நான் பிளம்பர். இருபத்திரண்டு வருஷமா பைப் போடுறேன். நான் இறுக்கின இணைப்புல ஒரு சொட்டு ஒழுகிச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன். ஆனா இது என் பெருமை இல்லை. என் பொண்டாட்டியோட தங்கச்சி கதை.

அவ கார் மெக்கானிக். பன்னெண்டு பேர் இருக்கற ஒர்க்‌ஷாப்புல ஒரே பொம்பளை. முதல் ரெண்டு வருஷம் கார் கழுவத்தான் விட்டாங்க. முட்டி மோதி எஞ்சின் பக்கம் வந்தா. வீட்டுல அவளுக்கு ‘மூக்கி’ன்னு பேரு. பெட்ரோல் கசிஞ்சா, பானட்டைத் தூக்கறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம்னு மோப்பத்துலயே சொல்லிடுவா. நான் சீண்டினா, “மாமா, நீங்க போயி சாக்கடையைப் பாருங்க”ம்பா. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

எங்க பழைய காரை என் பொண்டாட்டிதான் ஓட்டறா. போன மாசம் மூக்கி சர்வீஸ் பண்ணிக் கொடுத்தா. ரெண்டு வாரம் கழிச்சு, கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் போற பித்தளை இணைப்புல லேசா ஈரம். கழட்டிப் பார்த்தேன்; அசல் நம்ம குழாய் மரை மாதிரியே இருந்துச்சு. இதுக்குப் போயி அவளைக் கூப்பிடணுமா? பையிலேருந்து வெள்ளை டேப்பை எடுத்து, நுனி வரைக்கும் ஆறு சுத்து சுத்தி முறுக்கினேன். ஈரம் நின்னுச்சு. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடலை.

பத்தே நாள். சிக்னல் பச்சையானதும் நடுரோட்டுல வண்டி செத்துப்போச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் பிரேக்கை மிதிச்சதால என் பொண்டாட்டி பொழைச்சா. வண்டியைக் கட்டி இழுக்க வெச்சு நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு, எனக்குப் போன் பண்ணினா. நான் போறப்ப அத்தனை பேர் முன்னாடியும் தங்கச்சியை வறுத்தெடுத்துக்கிட்டிருந்தா.

“சொந்த அக்கா வண்டியையே இப்படிப் பண்ணி வெச்சிருக்கியே, பாவி!”

முதலாளி இடுப்புல கை வெச்சு நின்னார். “உன் தப்புன்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து நீ மறுபடியும் கார் கழுவத்தான் போகணும்”னார்.

மூக்கி கார்புரேட்டரைக் கழட்டி, பெட்ரோல் பாயற மயிரிழை ஓட்டையிலேருந்து எதையோ ஊதி எடுத்து உள்ளங்கையில வெச்சா. வெள்ளை வெள்ளையா நார்.

“தண்ணிக் குழாய்க்குச் சுத்தற டேப்பு சார். நுனி பிய்ஞ்சு உள்ள போயி அடைச்சிருச்சு.”

“யார் சுத்தினது?”

“நான் இல்லை சார்.”

“அப்புறம் யாரு? கடைசியா சர்வீஸ் பண்ணினது நீதானே? காதுல பூ சுத்தாதே!”

அந்த டேப்பு யார் பையில இருக்கும்னு அவளுக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பவே இல்லை.

“சரி, நாளைக்கு பக்கெட்டை எடு”ன்னு முதலாளி திரும்பினார்.

அதுக்கு மேல என்னால முடியலை. “சார், நான்தான் சுத்தினேன்.”

என் பொண்டாட்டி பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது. முதலாளி மூக்கியைப் பார்த்து, “நீயே முடிச்சுக் கொடும்மா”ன்னுட்டு உள்ள போயிட்டார்.

அவ மரையைச் சுத்தமாத் துடைச்சா. பெட்ரோல்ல கரையாத பசையை ஒரு ட்யூபுலேருந்து எடுத்துப் பூசினா. நுனியில ரெண்டு மரையை மட்டும் வெறுமனே விட்டா.

“பசைகூட உள்ள போகக்கூடாது மாமா. பெட்ரோல் குழாய் வந்து சேர்ற அந்தப் பக்கம் கூம்பு மாதிரி இருக்கே, அதுல எதுவுமே தடவக்கூடாது. உலோகமும் உலோகமும் அழுத்தி உட்கார்ந்தாலே போதும். நாளைக்கு வரைக்கும் காயட்டும், இன்னிக்கு ரெண்டு பேரும் பஸ்ல போங்க.”

என் பொண்டாட்டி முகம் கழுவப் போனதும் கேட்டேன். “ஏம்மா, என் பேரைச் சொல்லியிருக்கலாமே? உன் பொழைப்பே போயிருக்குமே!”

ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே சொன்னா: “கார் கழுவற இடத்துலேருந்து ஏறி வர எனக்குத் தெரியும் மாமா. அக்காவைச் சாகக் கொடுக்கப் பார்த்தது அவ புருஷன்தான்னு என் வாயால அவளுக்கு எப்படிச் சொல்றது?”