லேபிள் இல்லாத கோட்டு

கோட்டைத் திருப்பி லேபிள் பார்க்கிறவர்கள் வரதட்சணை வாங்குகிறவர்கள்தான். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுப்பது பெண் வீட்டு வழக்கம். அக்காவும் நானும் பிராண்டுத் துணி வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டோம். "எனக்கும் அந்தப் பைத்தியம் இல்ல"னு மாப்பிள்ளை போனில் சொன்னாராம். அதை நம்பி, தேரடி வீதியில் எங்கள் டெய்லரிடமே நல்ல துணியில் தைக்கக் கொடுத்தாள்.

இன்று மாப்பிள்ளை வீட்டார் போட்டுப் பார்க்க வந்தார்கள். அச்சில் வார்த்தது போல இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா மட்டும் காலரைத் திருப்பினார்.

"என்னாங்க, லேபிளே காணோம்?"

"உள்பக்கம் இருக்கறத யாருங்க பாக்கப் போறாங்க?" என்றேன்.

"எங்க சொந்தக்காரங்க பாப்பாங்க தம்பி. வரதட்சணைனு வாயத் தெறந்தோமா? இதுகூடவா செய்ய மாட்டீங்க?"

பௌர்ணமிதோறும் வெறுங்காலில் மலை சுற்றுகிற குடும்பம். பற்றை விடுவது பாதத்தோடு நின்றுவிடுகிறது போலும்.

"மாத்திடலாம்மா, ஷோரூம்லயே எடுத்துடலாம்" என்று அப்பா குழைந்தார்.

அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாள். "போட்டுக்கப் போறது நீங்க. இது உங்களுக்குப் போதுமா, போதாதா? நீங்களே சொல்லுங்க."

அவர் பட்டனைக் கழற்றியபடி தன் அக்கா முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

மாமா, இந்தப் பதிவையும் அதே போனில்தான் பார்ப்பீர்கள். கமென்ட் பெட்டி திறந்தே இருக்கிறது. என் அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், உங்கள் அக்காவைக் கேட்காமல்.