மாமி வீட்டுக் கடல்

எங்கள் சாய்ந்தமருதுக் கடலில் ஒரு துண்டுக்கு மாமி வீடு என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். மாமி வீட்டில் புது மருமகன் எப்படி இருப்பான்? தலையைக் குனிந்து, சத்தம் காட்டாமல், தேத்தண்ணிக் கோப்பையைக்கூட மெல்ல வைப்பான். அந்தத் துண்டைத் தாண்டும்போது கடல் தொழிலாளர்களும் அப்படித்தான். பாட்டு நிற்கும், பகிடி நிற்கும்.

சுனாமிக்கு முன் அப்படியோர் இடம் இருக்கவில்லை. அலை வந்து வீடுகளைக் கொண்டுபோனபோது கடலின் அடியையும் பிரட்டிப் போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து இரையும். நடுவில் மட்டும் பச்சைக் கண்ணாடி விரித்ததுபோல் அசையாமல் கிடக்கும். பார்த்தால் கண் எடுக்க முடியாது. குளிக்க இறங்கியவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் இறங்கினார்கள். சிலர் திரும்பவில்லை. கீழே ஜின் இருக்கிறது என்றார்கள். இடிந்த வீடுகள் காலைப் பிடித்து இழுக்கின்றன என்றார்கள். கடற்கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த எனக்கு இந்தக் கதைகளே பாதிச் சாப்பாடு.

என் தங்கச்சியின் முதல் புருஷனை அந்த அலைதான் கொண்டுபோனது. பிறகு அவளுக்குக் கடல் காற்றே ஆகாது, மீன்கூடச் சமைக்கமாட்டாள். அதனால்தான் சம்மாந்துறையில் ஒரு வேளாமைக்காரரைப் பார்த்துக் கட்டிக்கொடுத்தோம். நெல்லும் வயலுமாய் இருக்கிற மனிசன். நிக்காஹ் முடித்து வந்தவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கடலில் கால் வைக்கக் கூடாது. மச்சானும் ஓம் என்று வாக்குக் கொடுத்தார்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம், காட்டோரத்தில் பல காலம் போக முடியாமல் கிடந்த தன் வயலை மச்சான் திரும்பச் செய்யத் தொடங்கினார். நெல் வெட்டு முடிந்து சும்மா இருந்த நாட்களில் என் கடை வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு மாமி வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன மச்சான், கடலுக்குத் தண்ணி கட்டப் போறீங்களா?" என்று ஒருநாள் கிண்டினார் என் காக்கா. எங்கள் மூத்த அண்ணன், கரைவலைத் தோணியை நடத்துகிற தண்டையல்.

மச்சான் கோபிக்கவில்லை. "அது கட்டித்தான் கிடக்கு. அந்தா, வெள்ளையா உடையிற இடம் வரம்பு, மண் திடல். அதுக்கு மேலால ஏறி வாற தண்ணி முழுக்க நடுவால, அந்த ஒரு வக்கடையாலதான் வெளிய ஓடுது. வக்கடைக்குள்ள விழுந்த தவள எதிர்த்து நீந்தினா ஏறாது மச்சான். பக்கத்தால போய் வரம்புல ஏறும்."

வக்கடை என்றால் தண்ணீர் வடிய வயல் வரம்பில் வெட்டிவிடும் வாய். கடை சிரிப்பால் அதிர்ந்தது.

"தவளைக்கும் மாமி வீடோ!" என்றார் காக்கா.

பிறகு ஒரு காலை, கரைவலை இழுக்கும்போது வலை எதிலோ சிக்கியது. கழற்றப் பாய்ந்த காக்கா இழுபட்டு மாமி வீட்டுக்குள் போய்விட்டார். தோணியைத் தள்ளி இறக்க நேரம் போதாது. "இஞ்சால வாங்க! நேர வாங்க!" என்று கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவரும் நேரேதான் நீந்தினார். நீந்த நீந்தத் தலை சிறுத்துக்கொண்டே போனது. யா அல்லாஹ் என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை.

மச்சான் என் பக்கத்தில் நின்றார். ஒரு தரம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அமைதியாய்க் கிடந்த இடத்துக்கல்ல, யாரும் கிட்டப் போகாத அந்த வெள்ளை இரைச்சலுக்குள். ஓர் அலை விழுத்தியது. எழும்பினார். இன்னொன்று விழுத்தியது. அதையும் தாண்டிப் போனவரைப் பார்த்தால், மனிசன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்! தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, தன் பக்கம் வரச்சொல்லி வீசத் தொடங்கினார்.

"சத்தம் ஒண்டும் கேக்கல்ல. துவாயத்தான் கண்ட. தவள ஞாபகம் வந்திச்சி," என்று காக்கா பிறகு சொன்னார். கரையை நோக்கி நீந்துவதை விட்டார். பக்கவாட்டில் மெல்ல மெல்ல வந்தார். கால் மண்ணில் பட்டதும் மச்சான் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் கரையேறும்போது தங்கச்சி வந்து நின்றாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு அவள் அந்த மண்ணை மிதித்தது அன்றுதான். காக்காவின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"எனக்கு என்ன வாக்குத் தந்தீங்க?"

தலையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிய நின்ற மனிசன் நிதானமாகச் சொன்னார்: "நான் எங்க புள்ள கடலுக்குப் போன? வரம்புலதானே நிண்ட."

அவளுக்குப் பயந்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கடல் பக்கம் திரும்பினாள்.

"எங்க அந்த வரம்பு? காட்டுங்க."

மச்சான் ஈரத் துவாயை நீட்டிக் காட்டினார். வெள்ளை, நடுவில் பச்சை, திரும்பவும் வெள்ளை. முக்காட்டைக் காற்றுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு தங்கச்சி கன நேரம் பார்த்தாள்.

"பாழாப்போன கடல்," என்றாள், "எவ்வளவு வடிவாக் கிடக்கு."