ஐந்தரை மணிக்கு வரும் வயிற்றுவலி

தோட்டவெளிக் கிராமத்தில் றெனால்டைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "தங்கமான மனுசன்" என்பார்கள். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவள் ஊரிலேயே ஒருத்திதான். அவள் அவனுடைய மனைவி நிறஞ்சலா. அவளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

நிறஞ்சலா விடத்தல்தீவுக்காரி. யுத்தத்தின் கடைசி வருடத்தில், பதினாறு வயதில், தாயோடும் இரண்டு உடுப்புப் பைகளோடும் ஊர் ஊராக ஓடியவள். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். திரும்பி வந்து, நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலையில் நான்கு வருடம் விரல் வெடிக்க வெடிக்க நின்றாள். ஷெல் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கலாம். புருசனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எங்கே இறங்குவது? அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

றெனால்டின் தொழில் என்ன தெரியுமா? உளவளத்துணை! ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போய், பெரிய வெள்ளைத் தாளில் சிவப்பு மாக்கரால் ஒரு மனிதத் தலையைக் கீறி, நாலு பக்கமும் அம்புக்குறி போட்டு, மன அழுத்தம் குடும்பத்தை எப்படித் தின்னும் என்று விளங்கப்படுத்துவான். "வெளியில இருக்கிற ரென்சனை வீட்டுக்குள்ள கொண்டு போகாதேங்கோ. கேற்றடியிலயே இறக்கி வைச்சிட்டு உள்ள போங்கோ" என்று அவன் சொன்னால், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சொன்னவர் தன் வீட்டுக் கேற்றடியில் தலைக்கவசத்தைக்கூட இறக்கி வைத்ததில்லை. அதோடுதான் உள்ளே வந்து, கறியில் உப்புக் குறைவென்று கோப்பையைச் சுவரில் எறிவார்.

அவனுக்குக் கஷ்டமே இல்லையென்று சொல்ல வரவில்லை. காணாமல்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் தாய்மாரின் கதையையும், வலையறுந்து குடியில் விழுந்தவர்களின் கதையையும் காலையிலிருந்து கேட்டால் யாருக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். சரி, கனக்கட்டும். ஆனால் அந்தத் தாய்மாருக்கு முன்னால் ஒருநாளும் உயராத குரல், மேலதிகாரிக்கு முன்னால் பூனைக்குட்டி மாதிரிப் பதுங்கிய குரல், வீட்டு வாசலைக் கண்டதும் மட்டும் எப்படிக் கிளம்பியது? அடக்க முடியாதவன் என்றால் எல்லா இடத்திலும் அல்லவா கத்தியிருக்க வேண்டும்! ஐயா ஆள் பார்த்துத்தான் பொறுமையிழப்பார்.

"நான் உனக்குக் கை நீட்டினனானா? சொல்லு பாப்பம். ஒருநாளாவது கை நீட்டினனானா?" என்று அடிக்கடி கேட்பான். நீட்டவில்லைதான். அதற்காக நிறஞ்சலா மெடல் குத்திவிட வேண்டும் போலிருக்கிறது.

பின்னேரம் ஐந்து மணியானால் அவளுடைய வேலை தொடங்கும். கேற்றடியில் படுத்திருக்கும் கழுதைகளை மட்டையால் துரத்துவாள். போன மாதம் ஒரு கழுதை வழியை மறித்து நின்றதற்கு அரைமணி நேரம் ஏச்சு வாங்கியவள் அவள்தான். தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, சூடு சரியா என்று தன் உதட்டில் ஒருதரம் வைத்துப் பார்ப்பாள். தொலைக்காட்சியை நிற்பாட்டுவாள். பிள்ளை சாப்பிடும்போது இருமினால் அதற்கும் கத்துவான் என்று மீனில் முள்ளெடுத்து வைப்பாள். பத்து வருடப் பழக்கம். இதற்குப் பெயர் குடித்தனமாம், தூ!

பொறுத்திருப்பாள், அது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் மகள் சுவேதினிக்கு வயிற்றுவலி வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஓடுவாள், சிரிப்பாள். ஐந்தரை மணிக்கு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் குந்திவிடுவாள். சாப்பாடு இறங்காது. இறங்கினாலும் வெளியே வந்துவிடும். ஆறு மாதத்தில் பள்ளிச் சட்டை தோளிலிருந்து வழிந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டொக்டர் பேனையை மூடிவிட்டுக் கேட்டார். "வயித்தில ஒண்டுமில்லை. பிள்ளை எதுக்கோ பயப்படுது. வீட்டில ஏதும் பிரச்சினையா?"

"இல்லை டொக்டர்" என்றாள் நிறஞ்சலா.

சொல்லிவிட்டு அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. டொக்டர் அதோடு விட்டாரா? "உளவளத்துணைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கட தோட்டவெளியிலயே ஒருத்தர் இருக்கிறார். றெனால்ட் எண்டு. பிள்ளையளோட அருமையாக் கதைப்பார்" என்றார். நிறஞ்சலா அவர் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

வட்டாரத்தில் செபமாலை நடத்தும் பிரான்சிஸ்கா அக்காவிடம் ஒருநாள் பாதியைச் சொல்லிப் பார்த்தாள். அக்கா முழுவதையும் கேட்கவில்லை. "ஆம்பிளையளுக்கு ஆயிரம் ரென்சன் பிள்ளை. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ. மாதா உன்ர வீட்டுக்கு வரேக்க எல்லாம் சரியாகும்" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை எலும்பாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் அனுசரிக்க வேண்டுமாம்!

ஒக்டோபரில் மாதா அவர்கள் வீட்டுக்கு வந்தா. செபமாலை மாதத்தில் மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குத் தூக்கிப்போவது வழக்கம். அந்த வீட்டில் வட்டாரமே கூடிச் செபமாலை சொல்லும். முடிவில் வீட்டுக்காரர் ஒவ்வொருவராக எழும்பி மன்றாட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சனம் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும்.

மகளின் மன்றாட்டை றெனால்ட் தானே எழுதிக் கொடுத்தான். "மன அழுத்தத்தால் வாடும் குடும்பங்களில் அமைதி நிலவ வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்." எப்படியிருக்கிறது? அந்த அமைதியைப் பிள்ளைக்குப் பாடமாக்கக் கத்திய கத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. சுவேதினி மத்தியானச் சோற்றை அப்படியே சத்தியெடுத்தாள்.

ஆறரை மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. முற்றத்தில் கதிரைகள், பூ, மெழுகுதிரி, பாட்டு. றெனால்ட் வெள்ளைச் சேட்டோடு வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று குழைந்தான். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளும் முடிந்தன. அவன் எழும்பி உலக சமாதானத்துக்காக மன்றாடினான். சனம் பதில் சொன்னது.

"சின்னப் பிள்ளையின்ர மன்றாட்டை மாதா தட்டமாட்டா. சொல்லு மகள்" என்றாள் பிரான்சிஸ்கா.

சுவேதினி எழும்பினாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள், மாதாவைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்பா வீட்டுக்கு வராமல் இருக்க வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அத்தனை பேரும் சொன்னார்கள். பழகிய வாய்கள், காதுக்காகக் காத்திருக்கவில்லை. எல்லாரிலும் சத்தமாகச் சொன்னவன் றெனால்ட். ஊரார் கதையெல்லாம் கேட்டுச் சம்பளம் வாங்குபவன், தன் பிள்ளை சொன்னதைக் கேட்காமலே வாய் திறந்தான்.

ஒரு கணம் கழித்துத்தான் எல்லாருக்கும் விளங்கியது. ஒரு கிழவர் செருமினார். யாரோ தங்கள் குழந்தையை மடியில் இழுத்து வைத்தார்கள். றெனால்ட் கூட்டங்களில் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தான். "பிள்ளைக்குச் சபைக்கூச்சம்" என்றான்.

"ஓம், பயத்தில மாறிச் சொல்லிப்போட்டுது" என்று பிரான்சிஸ்கா பாய்ந்து வந்தாள். "திருத்திச் சொல்லு மகள்."

சுவேதினி தாயைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்திருந்தாள்.

நிறஞ்சலா எழும்பினாள். "திருத்தத் தேவையில்லை அக்கா. பிள்ளை சரியாத்தான் சொன்னது."

"இஞ்சரப்பா, இரு" என்றான் றெனால்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பத்து வருசம் இருந்திட்டன், இனி இருக்கேலாது." அவள் அவன் பக்கம் திரும்பவில்லை, மாதாவைப் பார்த்தே சொன்னாள். "இவற்ற சத்தத்தில என்ர பிள்ளைக்குச் சோறு இறங்குதில்லை. பிள்ளை தேறுமட்டும் இவர் தன்ர தாய் வீட்டில போய் இருக்க வேணும். எங்களுக்குக் கதவைப் பூட்டுற தைரியம் வேணும். அதுக்காக உம்மை மன்றாடுறன்."

இந்த முறை எல்லாரும் கேட்டிருந்தார்கள். பிரான்சிஸ்கா தலையைக் குனிந்து செபமாலையைப் பார்த்தாள். முதலில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் தனியாக வந்தது. "ஆண்டவரே..." பிறகு இன்னொருத்தி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, கடைசியில் செருமிய கிழவரும் சேர்ந்துகொண்டார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

றெனால்டின் வாய் மட்டும் அசையவில்லை.