பேஸ்காரர் வாங்கிய பெட்டி

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஊராரின் பார்வையைத் திருத்துகிற பேஸ்காரருக்கு, சாயங்காலமானால் ஒரே குறைதான்: மேடையில் அவர் வாசிப்பது யார் காதிலும் விழுவதில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளை விரல் கொப்பளிக்க அவர் மீட்டுவார். ஜனங்கள் பாடகரைப் பார்த்துக் கைதட்டுவார்கள். பாடகர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். பாட்டுக் குழுவும் அவருடையதுதான். மச்சான் சும்மா இருப்பாரா? கீபோர்டுக்காரரின் இடது கையே அந்த டும்டும்மைப் பார்த்துக்கொள்ளுமே, எதற்கு அதிகப்படியாக ஓர் ஆள் என்று ஜாடைமாடையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை நேராகவே சொல்லிவிடுவார் என்பது பேஸ்காரருக்குத் தெரியும்.

தப்பு கையில் இல்லை, பெட்டியில்தான் என்று அவர் முடிவுகட்டினார். வேறெப்படி முடிவுகட்டுவார்? பழைய ஸ்பீக்கர் பெட்டி வீட்டுக்கூடத்துக்குப் போதும். மேடையில் டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினால் அதன் குரல் அடங்கிவிடும். மனைவியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் முதலில் காட்டியது பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த பெட்டி. தரையே அதிர்ந்தது, ஆனால் எந்த ஸ்வரம் என்று வாசித்தவருக்கே புரியவில்லை. அடுத்தது பத்து அங்குலத்தில் இரண்டு. சுத்தமான சத்தம், காரின் டிக்கியில் அடங்கும் அளவு. மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவதில் பத்து அங்குல ஸ்பீக்கர் நாலு. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வந்து நெஞ்சில் இடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். துணி துவைக்கிற மிஷின் சைஸில் இருக்கிற இதை யார் தூக்குவது என்று மனைவி கேட்டாள். ஒரு கலைஞனிடம் கேட்கிற கேள்வியா இது?

முதல் கச்சேரியிலேயே அந்த நாலு ஸ்பீக்கர் பெட்டி தன் திறமையைக் காட்டியது. ஜனங்கள் தங்களை அறியாமல் காலால் தாளம் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மச்சான் பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்தார். இனிமேல் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று பேஸ்காரர் நினைத்துக்கொண்டார், பாவம்.

இரண்டு நாள் கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். பேஸ் எவ்வளவு முக்கியம் என்பது இப்போதுதான் தனக்கு உறைத்தது என்றார். பேஸ்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அதனால மாப்ள, அடுத்த புரோகிராம்ல கீபோர்டை இந்தப் பெட்டியில கோத்துரலாம்னு இருக்கோம். பெட்டியை மட்டும் குடுங்க, போதும்."

"அப்ப இவரு?" என்றாள் மனைவி.

"தாராளமா வரட்டும்மா. தூக்க ஆள் வேணும்ல?"

பேஸ்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். மனைவியின் அண்ணனாயிற்றே என்று விழுங்கிவிட்டார். தன் வாய்க்கும் சேர்த்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கியிருக்க வேண்டும் அவர்.

கச்சேரியன்று பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கிப் போனார். மேடையில் யாரோ அதைச் சுவர் மூலையில் தள்ளி வைத்தார்கள். மூலையில் வைத்தால் எல்லா ஸ்வரமும் ஒன்றாகக் குழைந்து உறுமும். தொலையட்டும் என்று விட்டிருந்தால் அவர் பிழைக்கத் தெரிந்தவர். விட முடியவில்லை. மறுபடி மேடையேறி, பெட்டியை முன்னால் இழுத்து வைத்து, ஆம்ப்ளிஃபையரின் திருகுகளையும் சரிபண்ணிக் கொடுத்தார். கீபோர்டுக்காரர் நன்றிகூடச் சொன்னார். அப்புறம் கடைசி வரிசைக்குப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. கீபோர்டுக்காரரின் இடது கை வாசித்ததெல்லாம் ஒன்றொன்றாகத் தெளிவாக வந்து விழுந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் மனைவி மெதுவாக.

"அதாண்டி வயிறு எரியுது," என்றார்.