அஞ்சலோட்டத்தில் அவள் பேரைச் சொன்னேன்

மகள் போனில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பாள். தமிழில்தான் பேசுவார்கள். பள்ளிக்கூடத்துக்காக அஞ்சலோட்டம் ஓடுகிற ரெண்டு பொடியன்கள். ஒருத்தன் வாயாடி. மற்றவன் வாயே திறக்க மாட்டான். ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் ஒருத்தன் கையிலிருந்துதான் மற்றவன் கோலை வாங்கி ஓட வேண்டும்.

"பேசாதவன் நீங்கப்பா. வாயாடி அம்மா," என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அவன் பேசாமல் நின்றால் காற்றடிக்கும், முடி பறக்கும், பின்னால் பாட்டு வரும். நான் பேசாமல் நின்றால், "என்னாங்க, காது அடைச்சிருச்சா?" என்பாள் மனைவி. பறக்கிறதுக்குத் தலையில் முடியும் இல்லை.

புது வருசத்துக்குத் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் புருசன் பொஞ்சாதி அஞ்சலோட்டம் வைப்பார்கள். கோலுக்குப் பதில் பைப் துண்டு. எப்போதும் என் அண்ணனும் அண்ணியும்தான் முதல். அண்ணி இருப்பது அடுத்த லயத்து வீட்டு வரிசையில். வருசம் முழுக்க அதையே சொல்லிக் காட்டுவார்.

"ஒருக்கா சரி அவுங்கள ஜெயிக்கணுங்க," என்றாள் மனைவி. கண்ணில் தண்ணி. வெங்காயமும் உரிக்கவில்லை. இரத்தோட்டை டவுனுக்குப் போய்க் காலுக்குச் சப்பாத்தும் வாங்கி வந்துவிட்டாள்.

மகள்தான் பழக்கினாள். வாங்குகிற ஆள் திரும்பக் கூடாதாம். கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு முன்னால் பார்க்கணும். கொடுக்கிற ஆள் கூப்பிடணும். நான் கிட்டே போய் இருமினேன். வேலை விட்டு வந்து வாசலில் இருமுகிற அதே இருமல். மனைவி டக்கென்று பைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"இருமல் வேணாம்ப்பா. அன்னிக்குச் சத்தத்துல கேக்காது. பேரச் சொல்லிக் கத்துங்க. கார்ட்டூன்ல கடைசில அவனும் அப்பிடித்தானே கத்துனான்."

மகளுக்கே பதினாறு வயசாகிறது. அதுவரை மனைவி பேரை நான் சொன்னதில்லை. "இந்தா" என்பேன், வந்துவிடுவாள். பழகும்போதும் வாயில் வரவில்லை. "அன்னிக்குச் சொல்றேன்," என்றேன். கார்ட்டூன் பொடியனும் போட்டியன்றைக்குத்தான் சொன்னான்.

போட்டியில் அண்ணனை முந்திவிட்டேன். அவருக்கு முட்டிவலி, அது வேறு விசயம். மனைவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அடிவயிற்றிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

காற்றடிக்கவில்லை. பாட்டு வரவில்லை. அவள் நீட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு முழுசாகத் திரும்பிவிட்டாள்.

"என்னாங்க? யாருக்கு என்னா?"

ஏதோ சாவுச் சேதி என்று நினைத்திருக்கிறாள். நான் பைப்பை நீட்டினேன். அவள் என் மூஞ்சியையே பார்த்தாள். அதற்குள் அண்ணி தாண்டிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டே ஓடி, சிரித்துக்கொண்டே ஜெயித்தார்.

திரும்பி வரும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். ஆகவே நான் பேச வேண்டியதாகிவிட்டது. சர்ச் வளைவு வரைக்கும் யோசித்தேன்.

"அடுத்த வருசம் இருமுறேன்."

"இருமுங்க," என்றாள்.

கொஞ்சத் தூரம் போனபிறகு, "எம்பேரு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு," என்றாள்.

இருமினேன்.