கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ஒரு சோடிச் செருப்பு

என் கணவருக்குப் பதுளையிலிருந்து பசறை போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி வந்துவிடும். வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிற மனிதரை நடுக்கடலுக்கு எப்படிக் கூட்டிப்போவது? சிங்கப்பூரில் வேலை செய்கிற மகன் எங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் நான்கு நாள் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தான். "என்னால ஆகாது. ஒங்க அக்காவக் கூட்டிட்டுப் போ" என்று இவர் கையை விரித்துவிட்டார். அப்படித்தான் அக்கா வந்தாள். அக்காவைக் கப்பலில் கூட்டிப்போன தங்கச்சி என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். நானும் மறுத்துச் சொன்னதில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவள். அம்மா படுத்த படுக்கையானபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தாள். நான் படித்தேன். இன்றைக்கு நான் பண்டாரவளையில் ஆங்கில ஆசிரியை, சொந்த வீட்டுக்காரி. அவள் அதே தொழிலாளர் லயத்தில், அதே ஒற்றையறைக் காம்பிராவில் இருக்கிறாள். இதை நான் வெளியில் அதிகம் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன், கேட்காதபடி பார்த்துக்கொள்வேன்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் அக்காவின் கண் போனது அதன் உச்சிக்குத்தான். அங்கே கிரேன் மாதிரி ஒரு நீண்ட இரும்புக் கை. அதன் நுனியில் முட்டை வடிவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. பத்துப் பதினைந்து பேரை உள்ளே ஏற்றிக்கொண்டு அந்தக் கை மெல்ல மேலே எழும்பும், கப்பலை விட்டு வெளியே கடலுக்கு மேலாகச் சுழலும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வரும்.

"அதுல ஏறுனா கடலு முழுசாத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டாள். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்கு நான் பாப்பாதான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய ஆசை இருந்தது. தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு பகுதியையும் மலை என்றுதான் சொல்வோம். எங்கள் உச்சி மலையில் நின்றால், வெயில் நாளில், கிழக்கே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள். முப்பது வருடம் அந்த மலையில் நின்றவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒன்று பனி மூடியிருக்கும், இல்லாவிட்டால் கொழுந்தை விட்டுத் தலையை நிமிர்த்த நேரமிருக்காது. இந்தப் பயணத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்தக் கூண்டு ஒன்றைத்தான். சாப்பாடு, பாட்டு, நீச்சல் குளம் எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை.

இரண்டாம் நாள் காலையில் அவள் அறையிலேயே இருந்து, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றாள். நான் மட்டும் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். என் எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து உட்கார்ந்தார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையாம். என் ஆங்கிலத்துக்கு வகுப்பறையை விட்டால் போக்கிடமில்லை, விடுவேனா? பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். இலங்கை என்றதும் அவர் தேயிலை என்றார். "நாங்கள் நான்கு தலைமுறையாகத் தேயிலையில்தான் இருக்கிறோம்" என்றேன். "அப்படியா! பெரிய தோட்டமா?" என்று கேட்டார். "ஆயிரம் ஏக்கருக்கு மேல்" என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் தோட்டம் ஆயிரம் ஏக்கருக்கு மேல்தான். அந்த அம்மாவின் கண்ணில் நான் துரைமார் வீட்டுப் பெண்ணாக உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்தேன். தடுக்கவில்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டு புன்னகை செய்தேன்.

அன்று பின்னேரம் கூண்டில் ஏற வரிசையில் நின்றோம். அக்கா பாசிநிறச் சேலையைக் கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரி, பதுளை பஜாரில் வாங்கிய புதுச் செருப்பைப் போட்டிருந்தாள். எங்கள் முறை வரும்போதெல்லாம், பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வந்து நின்றால் அவள் ஒதுங்கி வழிவிட்டாள். தோட்டத்து ரோட்டில் துரையின் வண்டி வந்தால் பெண்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பார்களே, அதே இறக்கம். இங்கே கான் இல்லை, அதனால் சுவரோடு ஒட்டினாள். இரண்டு நடை எங்களை விட்டுவிட்டு மேலே போயிற்று.

"இது தோட்டமில்ல. நேரா நில்லு" என்று பல்லைக் கடித்தேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்.

மூன்றாவது நடைக்குக் கதவு திறந்தது. நான் உள்ளே போய்க் கண்ணாடியோரம் இடம் பிடித்தேன். கடைசி ஆளாக வந்த அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். தரை பளபளவென்று இருந்தது. குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, சோடியாகச் சேர்த்து, வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். அவளைப் பொறுத்தவரை அதுதான் மரியாதை. கோயிலிலும் பங்களாவிலும் யாரும் சொல்லாமலே செய்கிற காரியம். கதவு சாத்திக்கொண்டது.

கூண்டு எழும்பத் தொடங்கியதும் ஒரு சின்னப் பிள்ளை கீழே கையைக் காட்டிச் சிரித்தது. மேல்தளத்தில் தனியாக ஒரு சோடிச் செருப்பு. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் படமெடுத்தார். பிறகு எல்லோர் கண்ணும் செருப்புக்குரிய கால்களைத் தேடி வந்தன. வெடித்த குதிகால், அட்டை கடித்துக் கறுத்த தழும்புகள். அக்கா கண்ணாடிப் பக்கமே வராமல் நடுவில் நின்று, கால்விரல்களைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் என்னைத் தேடியது. நான் கடலைப் பார்த்தேன்.

அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. காலையில் பேசிய அதே அம்மா. கூட்டத்தில் அவர் ஏறியதை நான் கவனிக்கவில்லை.

"பாவம், பயந்துபோயிருக்கிறார் போல. உங்களோடு வந்தவரா?" என்று அக்காவைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் யோசித்தேன். ஆயிரம் ஏக்கர் ஞாபகம் வந்தது, நான்கு தலைமுறை ஞாபகம் வந்தது, பிறகுதான் சொன்னேன். அக்கா இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள். ஆங்கிலத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சொல் அதுதான். லீவு கேட்டும், கூரைத் தகரம் கேட்டும் ஆபீஸ் வாசலில் நின்றபோதெல்லாம் துரை சொன்ன சொல்.

அந்த அம்மா நேரே அக்காவிடம் போய், கையைப் பிடித்து, கண்ணாடியோரம் தன் இடத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். கூண்டு அப்போது உச்சியில் இருந்தது. கீழே கப்பல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, சுற்றிவரக் கடல். அந்த அம்மா விரலை நீட்டி எதையெதையோ காட்டினார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் தலையாட்டித் தலையாட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட கடலை என் அக்கா யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான் நின்றேன், நீட்டவில்லை.

இறங்கியதும் கூண்டுக்குப் பொறுப்பான பெண் செருப்பை எடுத்து வந்து அக்காவின் காலடியில் வைத்தாள். "ஐயோ, தொடாதீங்கம்மா" என்று அக்கா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். நான் அதற்குள் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டேன்.

அறைக்கு வந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சுக்கு வேலை செய்யக் கை துறுதுறுக்கும். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தம்மா ஒன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"மணி என்னன்னு கேட்டாங்க" என்றேன்.

"ஓ" என்றாள். மணி கேட்டதற்கு யாராவது நோ என்பார்களா? அவள் அதைக் கேட்கவில்லை. "கடலு நல்லாத் தெரிஞ்சுச்சு" என்று மட்டும் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்து, அவளுக்கு விளங்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு வசதியான முடிவு.

மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போக லிஃப்டுக்குக் காத்திருந்தோம். கதவு திறந்தது. உள்ளே அந்த வெள்ளைக்கார அம்மா. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே நுழைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அக்கா ஏறவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீங்க போங்க டீச்சர். நான் பொறகு வாரேன்" என்றாள்.

கதவு மூடியது. டீச்சராம், போங்களாம். என்னை ஒருமையைத் தவிர வேறெதிலும் கூப்பிட்டறியாத வாய். அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அது அவளுக்குத் தெரியாத வித்தை. தங்கச்சிக்கு இந்த இடத்தில் தான் இல்லாமலிருப்பதுதான் நல்லது என்று விளங்கிக்கொண்டு, ரோட்டில் துரை வண்டிக்கு ஒதுங்குவதைப் போல எனக்கு ஒதுங்கினாள். இந்த முறை வண்டியில் இருந்தவள் நான். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. ஆனாலும் அந்த அம்மா "உங்கள் தோட்டத்தில் இப்போது மழையா?" என்று கேட்டபோது, "ஆமாம்" என்று பதில் சொன்னேன்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் என் பின்னால் நாலு எட்டுத் தள்ளியே நடந்தாள். நான் நின்றால் நின்றாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மறுபடி பாப்பா என்றாள். அவளுக்கு அதில் ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. உட்கார்த்திவைத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பத்துத் தடவை நினைத்தேன். கேட்டால் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் வரவில்லை.

ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்தாள். பிறகு பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். என் வகுப்பில் படிக்கிற பிள்ளையின் அம்மா மரக்கறிப் பையோடு எதிரே வந்தார்.

"கப்பல்ல போய்ட்டு வந்தீங்களாமே டீச்சர்! இவங்க...?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓர் எட்டுப் பின்னால் போய்விட்டாள்.

"டீச்சர் வீட்டுல வேலைக்கு நிக்கிறேங்க" என்றாள்.

கப்பலில் யாரோ ஒருத்திக்காக நான் சொன்ன பொய்யை அவள் மலைநாட்டுக்கே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அதுவும் நான் பிறந்து வளர்ந்த ஜில்லாவுக்கு, எனக்குத் தெரிந்தவர்கள் முன்னால், எனக்கு உதவி என்று நினைத்து.

"இல்ல. இது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளையின் அம்மாவுக்குக் குழப்பம். யார் சொல்வது சரியென்று அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸ் வாசலில், பேசலாமா கூடாதா என்று துரையின் முகத்தைப் பார்த்து நிற்பாளே, அந்தப் பார்வை. சின்ன வயதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று நான் எத்தனையோ தடவை பார்த்தது.

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்.

"ஆமாங்க. என் தங்கச்சிதான்."