என் வாய்க்குள் ஈ புகுந்த நேரம்

வீட்டில் ஓயாமல் கதைக்கும் என் ஐந்து வயது மகள் கயல், வெளியாட்களைக் கண்டால் ஏன் ஊமையாகிறாள்? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. வரும் தையில் அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால், பாவம், தடுமாறுவாளே என்று நானே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன்.

விடுமுறைக்கு, நாங்கள் வசிக்கும் கிரான்பர்னிலிருந்து தொலைவிலுள்ள மங்கோ தேசியப் பூங்காவுக்குப் போனோம். எப்போதோ வற்றிப்போன ஏரி, சுற்றிலும் வெறும் மண்ணும் வானமும். வழிகாட்டியாக வந்தவர் அந்த நிலத்தின் பூர்வகுடிப் பெண்மணி. தம் முன்னோர் சேற்றில் பதித்த காலடிகளின் மாதிரியைக் காட்டி, ஒரு சின்னப் பாதத்தைத் தொட்டு, "இது யாருடைய கால்?" என்று கயலிடம் கேட்டார்.

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். ஒரு ஈ நேரே தொண்டைக்குள் போய்விட்டது. புரைக்கேறிக் குனிந்து இருமினேன்.

"ஒரு பிள்ளையின்ர கால், அன்ரி," என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. கயல்! "அவ ஓடுறா. அம்மா பின்னால கத்திக்கொண்டு வாறா."

வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "மூத்தவள் என்று இங்கே எல்லாரும் என்னை மரியாதையாக அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். உனக்கு யார் சொன்னது?"

நான் நிமிர முயன்றேன். "நிப்பாட்டாதையும், இன்னும் கொஞ்சம் இருமும்," என்றார் கணவர் காதோடு.

கயல் அந்த அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வி கேட்டபடி முன்னால் நடந்தாள். உலகத்தையே வென்றவள்போல் நான் பின்னால் போனேன்.

ஆனால் நேற்று கடையில் ஒருவர் அவளிடம் பெயர் கேட்டபோது, மறுபடியும் நானே சொல்லிவிட்டேன். பிள்ளை பேசும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? தெரிந்த அம்மாமார் தயவுசெய்து எழுதுங்கள்.